உதடு சேர்ந்தது, பல் எங்கே?

(சிந்தாதிரிப்பேட்டையில் நடந்த நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் வீட்டில் படித்துக்கொள்வதற்காக இங்கே தரப்படுகிறது.)



அல்ஹம்துலில்லாஹ், இஷா தொழுகை முடிந்து களைப்போடு இருக்கும் நேரத்திலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். புதுப்பேட்டையில் கடையை முன்கூட்டியே அடைத்துவிட்டு வந்த சகோதரர்களும் இருக்கிறார்கள். அல்லாஹ் உங்கள் நேரத்தில் பரக்கத் செய்வானாக.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, விதவையர் உதவித்தொகை, ரமலான் ரேஷன் என்று கணக்குச் சொல்லுவோம். இன்று ஒரு பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். "பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று நினைக்காதீர்கள். இந்தப் பல் விஷயத்தில் நாங்கள் ஒரு தவறு செய்திருக்கிறோம். அதை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டிய கடமையும் இருக்கிறது.

எங்கள் தவறு

பல ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மேலுதடு ஒரு பக்கம் மூக்கு வரை பிளந்திருந்தது. ஈறும் அண்ணமும் பிளந்திருந்தன. குழந்தையால் பால் குடிக்க முடியவில்லை. தாய் அழுதபடி நம் அலுவலகத்துக்கு வந்தார். அறக்கட்டளை ஓடியாடி ஏற்பாடு செய்தது. 5 மாதத்தில் உதட்டைச் சேர்த்தார்கள். ஒன்றேகால் வயதில் அண்ணத்தை மூடினார்கள். குழந்தை சிரிக்கும் படத்தை நம் இதழில் போட்டோம். நன்கொடையாளர்கள் மகிழ்ந்தார்கள். நாங்களும் "அல்ஹம்துலில்லாஹ், ஒரு வேலை முடிந்தது" என்று அந்தப் பைலைக் கட்டி மேலே வைத்துவிட்டோம்.

அந்தப் பிள்ளைக்கு 13 வயதானபோது தாய் மறுபடியும் வந்தார். முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை. அதன் ஓரத்தில் கோரைப்பல் கோணலாக இறங்கியிருந்தது. பையன் பேசும்போது கையால் வாயை மூடிக்கொண்டான். பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், "ஓட்டைப்பல்" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மக்தபுக்குப் போவதையும் நிறுத்திவிட்டான்.

பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: அந்த இடத்தில் விழுந்தது பால்பல். அதற்குக் கீழே முளைக்க வேண்டிய நிலைப்பல் உருவாகவே இல்லை. அங்கே தாடை எலும்பும் இல்லை. எலும்பு வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பும் சிகிச்சையைக் கோரைப்பல் இறங்குவதற்கு முன், 9, 10 வயதில் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதும் செய்யலாம், ஆனால் அந்த அளவுக்குப் பலன் கிடைக்காது.

வெளியே வந்ததும் அந்தத் தாய் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பாய், அப்பவே யாராவது சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு வந்திருப்பேனே?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. நாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. உதடு சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஏன் அந்தப் பல் மட்டும்?

மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பற்களின் பெயர்கள் நினைவிருக்கும். தஜ்வீத் பாடத்தில் எழுத்துகளின் மக்ரஜ் சொல்லித் தருவதற்கு முன் உஸ்தாத் பல் கணக்கு சொல்லுவார். நடுவில் மேலே இரண்டு, கீழே இரண்டு ஸனாயா. அவற்றை அடுத்து இரு பக்கமும் ரபாஇய்யாத் நான்கு. பிறகு கோரைப்பற்கள், அன்யாப் நான்கு. ளவாஹிக் நான்கு, தவாஹின் பன்னிரண்டு, கடைசியில் நவாஜித் நான்கு. ஆக 32.

நாம் இன்று பேசுவது மேல் வரிசை ரபாஇய்யா பல்லைப் பற்றி. நடுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில் இருக்கும் சிறிய பல் அது. பக்க வெட்டுப்பல் என்பார்கள்.

தாயின் வயிற்றில் குழந்தையின் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. மூக்குப் பக்கமிருந்து ஒரு பகுதி இறங்கி வருகிறது. இரண்டு கன்னங்களின் பக்கமிருந்து இரண்டு பகுதிகள் வருகின்றன. இவை சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. கர்ப்பத்தின் 4-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரத்துக்குள் உதடு சேர்ந்துவிடும். 6-ஆம் வாரத்திலிருந்து 9-ஆம் வாரத்துக்குள் அண்ணம் சேரும். பல தாய்மார்களுக்குக் கர்ப்பம் உறுதியாகத் தெரியும் முன்பே இதில் பாதி முடிந்துவிடுகிறது. இந்தச் சேர்க்கை எங்காவது நின்றுபோனால் அந்த இடம் பிளவாகவே இருந்துவிடும். உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்று இப்படி இருக்கிறது. நம் நாட்டின் ஜனத்தொகைக்கு இது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள்.

பற்களுக்கான விதை விழுவதும் அதே வாரங்களில்தான் ஆரம்பிக்கிறது. மேல் ரபாஇய்யா பல் முளைக்கும் இடம் இந்தப் பகுதிகள் சந்திக்கும் கோட்டிலேயே இருக்கிறது. நம்மில் தையல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உடனே புரியும். சட்டையின் இரண்டு துண்டும் சேரும் தையலின் மேலேயே ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் சேரவில்லை என்றால் பொத்தானுக்கு இடம் ஏது? சிலருக்குப் பொத்தானே இருக்காது. சிலருக்கு இரண்டு துண்டிலும் ஒவ்வொன்று, அதாவது ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் வரும். சிலருக்குச் சின்னதாக ஆணி போல வரும். சிலருக்குத் திரும்பிக்கொண்டு கோணலாக முளைக்கும்.

பொதுவாக மக்களில் 100 பேரில் சுமார் 2 பேருக்குத்தான் இந்தப் பல் பிறவியிலேயே இருக்காது. ஈறும் சேர்ந்து பிளந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை பிளவு இருக்கும் பக்கத்தில் இந்த நிலைப்பல் இருப்பதில்லை. பிளவு பெரிதாக இருந்தால் பல் இல்லாமல் போகும் வாய்ப்பும் அதிகம். பிளவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும், குறிப்பாக இரண்டாவது முன்கடைவாய்ப்பல், இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமல் இருப்பது மற்றவர்களைவிடக் கூடுதல். காரணம், உதட்டையும் பல்லையும் உருவாக்கும் மரபணுக்களில் சில பொதுவானவை. எம்.எஸ்.எக்ஸ்.1 என்று ஒரு மரபணு உண்டு. அதில் ஏற்படும் பழுது ஒரே குடும்பத்தில் சிலருக்குப் பிளவையும் சிலருக்குப் பல் இல்லாமையையும் கொடுத்ததை 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதில் பெற்றோர்களை ஏமாற்றுவது பால்பல். பிளவு உள்ள பிள்ளைக்கு அந்த இடத்தில் பால்பல் பெரும்பாலும் முளைத்துவிடும். "பல் இருக்கிறதே" என்று நாம் நிம்மதி அடைவோம். அது விழுந்த பிறகு 8, 9 வயதில் வர வேண்டிய நிலைப்பல் வராது. "லேட்டாக வரும், காத்திருப்போம்" என்று பாட்டிமார்கள் சொல்லுவார்கள். உருவாகவே இல்லாத பல் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வராது. வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே இருக்கிறது, ஓபிஜி என்பார்கள். 6, 7 வயதில் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

கிரகணமும் பழிச்சொல்லும்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை உதடு பிளந்து பிறந்தால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி தாய்தான். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்", "கிரகண நேரத்தில் அரிவாள்மனையைத் தொட்டாள்" என்பார்கள். ஐந்து வேளை தொழுகிற வீட்டிலேயே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் அந்தத் துக்கத்திலும் அதைத் திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அப்படியிருக்க, நம் வீட்டு மருமகளின் தலையில் கிரகணத்தைத் தூக்கி வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மருத்துவம் சொல்லும் காரணங்கள் பல சேர்ந்தவை. மரபணு ஒரு பங்கு. கர்ப்பகாலத்தில் புகையிலை, அந்தப் புகையைப் பக்கத்திலிருந்து சுவாசிப்பது, சில வலிப்பு மருந்துகள், சத்துக்குறைவு ஆகியவை ஒரு பங்கு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பது இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. மார்க்கம் அனுமதித்த ஒன்றை நாம் தடுக்கவில்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே பிளவோ, பிறவியிலேயே பல பற்கள் இல்லாமையோ இருந்தால், சொந்தத்துக்குள் மணம் பேசும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்து சாப்பிடும் சகோதரிகள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணமான பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது. அது முக்கியமாக முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" இந்தக் கேள்வியை ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டார். பல்லில் கம்பி போடக் கூடாது, செயற்கைப் பல் வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவதை ஹதீஸ் கண்டிக்கிறது, உண்மை. அது குறையில்லாத பல்லை அலங்காரத்துக்காகக் கெடுப்பது. குறையைச் சரிசெய்வது வேறு.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர் இஸ்லாத்துக்கு முந்தைய குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. அப்போது தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் தடை. அப்படியிருந்தும் தேவைக்காக அனுமதித்தார்கள். இதை வைத்துத்தான் ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாமா என்பதை இமாம்கள் விவாதித்தார்கள். நம் காலத்தில், 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பிறவிக் குறைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை கூடும் என்று தீர்மானித்தது. அதில் உதட்டுப் பிளவை உதாரணமாகவே எடுத்துச் சொன்னது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நேரில் கேளுங்கள். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையின் வயதைக் கடத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உஹது போரில் நபி (ஸல்) அவர்களின் எந்தப் பல் உடைந்தது? ரபாஇய்யா பல்தான், கீழ் வரிசையில். முகத்திலிருந்து ரத்தம் ஓடியபோது அலீ (ரலி) அவர்கள் தண்ணீர் கொண்டுவர, அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். ரத்தம் நிற்காததைப் பார்த்ததும் பாயை எரித்து அந்தச் சாம்பலை வைத்து நிறுத்தினார்கள். கையில் கிடைத்த மருத்துவத்தை உடனே செய்தார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும்.

ஓதும் பிள்ளைகளைப் பற்றி

இங்கே மக்தப் உஸ்தாதுகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஃபா' என்று சொல்ல மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டில் பட வேண்டும். 'பா', 'மீம்' என்று சொல்ல இரண்டு உதடும் சேர வேண்டும். 'ஸீன்', 'ஸாத்' சொல்லும்போது காற்று முன்பற்களின் வழியே சீராக வர வேண்டும். உதட்டில் தழும்பும் முன்பல்லில் ஓட்டையும் உள்ள பிள்ளைக்கு இவை கஷ்டம். பல் மட்டும் காரணமில்லை. அண்ணத்தின் தசை சரியாக வேலை செய்யாவிட்டாலும், ஈற்றில் சிறு துவாரம் மிச்சமிருந்தாலும் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அந்தப் பிள்ளை வேண்டுமென்று தப்பாக ஓதவில்லை. பிரம்பால் அது சரியாகாது. பேச்சுப் பயிற்சியாலும் சிகிச்சையாலும் சரியாகும்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று இறைவனிடம் கேட்டதைக் குர்ஆன் சொல்கிறது. தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். அவர்களுக்கும் அல்லாஹ் பெரிய பொறுப்பைக் கொடுத்தான். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். அந்தப் பிள்ளையை முன் வரிசையில் உட்கார வையுங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பிள்ளையைத் தனியே அழைத்து, பட்டப்பெயர் சூட்டுவதைக் குர்ஆனே தடுக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

எந்த வயதில் என்ன செய்ய வேண்டும்?

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

குழந்தை பிறந்த உடனே பால் புகட்டும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 3 முதல் 6 மாதத்துக்குள் உதடு. 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணம். பிறகு பேச்சையும் காதையும் கவனிக்க வேண்டும். அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சகஜம்.

முதல் பல் முளைத்ததிலிருந்தே பல் துலக்க வேண்டும். தழும்புக்குப் பக்கத்தில் கை வைக்கப் பயந்து பலர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் சொத்தை பிடிக்கிறது. மிஸ்வாக்கின் சிறப்பை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொத்தை என்று சொல்லிப் பால்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம். அடியில் நிலைப்பல் இல்லை என்றால் அந்தப் பால்பல்தான் இடத்தையும் எலும்பையும் சில காலம் காப்பாற்றிக் கொடுக்கும்.

6, 7 வயதில் எக்ஸ்ரே. 8 முதல் 11 வயதுக்குள் ஈற்றுப் பள்ளத்தில் எலும்பு வைக்கும் சிகிச்சை. பெரும்பாலும் பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து வைப்பார்கள். கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கும். அதற்கு முன் எலும்பு இருந்தால் அது அந்தப் புது எலும்பின் வழியே இறங்கி எலும்பையும் பலப்படுத்தும். அந்த வயது போய்விட்டால் கோரைப்பல் பள்ளத்தின் ஓரத்தில் இறங்கும், பிடிமானம் குறையும், பக்கத்துப் பல்லும் ஆட்டம் காணும். நாங்கள் அந்தப் பிள்ளைக்குத் தவறவிட்டது இந்த வயதைத்தான்.

பிறகு பல் சீரமைப்பு, அதாவது கம்பி போடுவது. இல்லாத பல்லுக்கு என்ன செய்வது என்பதை அப்போது முடிவு செய்வார்கள். ஒரு வழி, கோரைப்பல்லையே நகர்த்தி இல்லாத பல்லின் இடத்தில் நிறுத்தி, அதன் வடிவத்தைச் சற்று மாற்றுவது. செயற்கைப் பல் தேவைப்படாது. இன்னொரு வழி, இடத்தைத் திறந்து வைத்துப் பிறகு பல் வைப்பது. வளரும் வயதில் கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒட்டும் பல்லோ போதும். எலும்பில் திருகி வைக்கும் இம்ப்ளாண்ட்டை வளர்ச்சி முழுவதும் நின்ற பிறகுதான் வைக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 18 வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு 20 வயதையும் ஒட்டி அல்லது அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாக வைத்தால் முகம் வளர வளர மற்ற பற்கள் கீழே இறங்கும், அந்தப் பல் மட்டும் மேலேயே நின்றுவிடும்.

ஒரு சகோதரிக்கு நடந்ததையும் சொல்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று அவசரத்தில், படிப்பில்லாமல் பல் கட்டுகிற ஒருவரிடம் போனார்கள். அவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிரந்தரமாக ஒட்டி ஒரு பல்லை வைத்துவிட்டார். கழற்றவும் முடியாது, துலக்கவும் முடியாது. இரண்டு ஆண்டில் நல்ல பற்கள் இரண்டும் சொத்தையாகிவிட்டன. இல்லாத ஒரு பல்லுக்காக இருந்த இரண்டு பல்லையும் இழந்தார். பதிவு பெற்ற பல் மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் போகாதீர்கள்.

நிக்காஹ் பேசும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து மணம் முடிக்காதீர்கள், பின்னால் அது மனக்கசப்பாகும். அதே சமயம், பையன் வீட்டாரும் ஒரு தழும்பைக் காட்டிக் கைக்கூலியை உயர்த்தாதீர்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ பிளவு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 100-ல் ஏறத்தாழ 3 முதல் 5 வரைதான். 95 பிள்ளைகள் பிளவில்லாமல்தான் பிறக்கும். இதைக் காரணமாகச் சொல்லி ஒரு நல்ல பெண்ணை வேண்டாம் என்று சொல்லுவது நியாயமா, யோசித்துப் பாருங்கள்.

எங்கே போவது?

தூரம் ஒரு காரணமே இல்லை. தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கப்பட்டது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. நம் சிந்தாதிரிப்பேட்டை நிலையத்திலிருந்து எண்ணினால் பூங்கா நகர், அடுத்தது கோட்டை. பல் சீரமைப்பு, முக அறுவை சிகிச்சை, செயற்கைப் பல் மூன்றுக்கும் அங்கே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் பிளவு உதடு, அண்ணத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. 1999-ல் தொடங்கிய ஸ்மைல் டிரெய்ன் அமைப்பு பல மருத்துவமனைகள் வழியாக இலவச அறுவை சிகிச்சைக்கு உதவுகிறது.

அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013-ல் வந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதில் உதடு, அண்ணப் பிளவும் பிறவிக் குறைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேட்டு, முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டுக்கு உதவி கிடைக்கும் அளவுக்குப் பல்லுக்கு உதவி சுலபமாகக் கிடைப்பதில்லை. நம் அறக்கட்டளையின் வேலை அங்கேதான் இருக்கிறது.

மிர்சாப்பூர் பக்கத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படத்துக்கு 2009-ல் ஆஸ்கர் கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். உதடு சேர்ந்து சிரிக்கும் முகத்தைப் பார்த்து எல்லோரும் கண் கலங்கினோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் 15, 20 ஆண்டு வேலை மிச்சமிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. நாங்களும் நம் இதழில் படம் போட்டு அதே தவறைத்தான் செய்தோம்.

இனி என்ன செய்யப் போகிறோம்?

நிர்வாகக் குழு கூடி மூன்று முடிவு எடுத்திருக்கிறது.

ஒன்று, உதட்டு, அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு. பிறந்த தேதியை எழுதி, எந்த வயதில் எதற்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி வைப்போம். அந்த மாதம் வந்ததும் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். பிள்ளைக்கு 21 வயது ஆகும் வரை பைலை மூட மாட்டோம்.

இரண்டு, ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு எக்ஸ்ரே, பயணம், கம்பி, செயற்கைப் பல் ஆகியவற்றுக்கான தொகையை ஜகாத் நிதியிலிருந்து அந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுப்போம். தகுதி வரம்புக்குச் சற்று மேலே இருந்தும் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்து கொடுப்போம். கம்பி போட்டால் மாதாமாதம் போய்வர வேண்டும். தினக்கூலிக்குப் போகும் தகப்பனாருக்கு ஒரு நாள் வேலை போகும். அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.

மூன்று, பிள்ளைகளின் படத்தை இனி இதழில் போட மாட்டோம். நன்கொடையாளர்கள் கணக்கைக் கேட்டால் கணக்குக் காட்டுவோம். பிள்ளையின் முகத்தைக் காட்டிப் பணம் திரட்ட வேண்டாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கூவம் கரையோரம் குடியிருக்கும் உங்கள் சொந்தக்காரர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெயரைக் கொடுங்கள். முஸ்லிம் வீடு என்று இல்லை, எந்த வீடாக இருந்தாலும் கொடுங்கள். மீன் மார்க்கெட்டில் வேலை செய்யும் ஒரு தாயின் பிள்ளைக்கும் இதே வயதுதான் ஓடிக்கொண்டிருக்கும். 6 வயதுக்கும் 11 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால் நாளைக்கே வாருங்கள்.

முதலில் சொன்ன பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாமதமானாலும் எலும்பு வைத்தார்கள். ஓரளவு பிடித்திருக்கிறது. இப்போது கம்பி போட்டிருக்கிறான். கம்பியோடு சேர்த்து ஒரு தற்காலிகப் பல்லும் மாட்டியிருக்கிறார்கள். இம்ப்ளாண்ட் வைக்க முடியுமா, கோரைப்பல்லையே நகர்த்துவதா என்பதை இன்னும் சில ஆண்டு கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். மக்தபுக்கு மறுபடியும் வருகிறான். போன வாரம் உஸ்தாத் முன்னால் ஓதும்போது கையால் வாயை மூடவில்லை என்று அவன் தாய் சொன்னார்.

அவனிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல நானா, என் தங்கச்சி பிள்ளைகளுக்காவது கரெக்டா சொல்லுங்க" என்றான். 14 வயதுப் பிள்ளை சொன்ன அந்த வார்த்தையைத்தான் இன்று உங்களிடம் சேர்த்திருக்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் கவனக்குறைவை மன்னிப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தையும், அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கு நற்கூலியையும், இந்தப் பணிக்குக் கொடுப்பவர்களின் ரிஸ்கில் பரக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.